ஓட்டுபவரின் உயரம்

அத்தியாயம் பதினான்கு

"எந்தம்பிக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு விஜயா காரு வாங்கிக் குடுக்கா!"

கோமதியம்மாள் வாயிலிருந்து இந்த வரி கிளம்பி மூன்று வாரம் ஆகிறது. மும்பை ஆண்டாப் ஹில்லில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறை வரிசை வீட்டுச் சாலில் தொடங்கி, மாட்டுங்கா பூக்கடை வரைக்கும் போய்விட்டது. கோபர்கைரனேயில் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "என்ன கலரு?" என்று விசாரித்தார்கள்.

கார் தனக்குத்தான் என்று விஜயலட்சுமி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "ஒரு காரு புக் பண்ணலாம்னு இருக்கேன் மதினி" என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குள் மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி குடுத்து வச்சவன்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் புருஷனின் அக்காவிடம், இல்லை மதினி, அது அவருக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது? தலையாட்டி வைத்தாள். அது போதாதென்று காபியும் போட்டுக் கொடுத்தாள்.

இன்று தை வெள்ளி. காலை பத்தரைக்கு புக்கிங் திறக்கிறது.

எட்டு மணிக்கே கரீம் பாட்சாவின் போன் வந்துவிட்டது.

"தங்கச்சி, மச்சான்கிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல பாய்."

"என்னம்மா நீ! இன்னிக்கு மூணு மணிக்குள்ள நாப்பது வண்டியும் போயிரும்ங்கான். நீ எப்ப சொல்லப்போற, வண்டி வாசல்ல வந்து நின்ன பெறகா?"

"சத்தம் போடாதீங்க. பக்கத்துல பல் விளக்கிட்டு இருக்காரு."

"அப்ப நல்லதாப் போச்சு. வாயில நுரை இருக்கும், திட்ட முடியாது. இப்பவே சொல்லிரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு போனை வைத்தாள். சொல்லத்தான் இல்லை.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கரீம் பாட்சாவும் அவளும் கூட்டாக நடத்துவது கார் சீட், பஸ் சீட் தைக்கிற ஒர்க்‌ஷாப். தோலை வெட்டுவது அவர், அளவும் தையலும் இவள். கடந்த நாலைந்து வருஷமாக ஆபீஸ் பஸ்களுக்கெல்லாம் இவர்கள் சீட்டுதான். அவள் பங்கில் அவள் ஒரு கார் வாங்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தக் கார்?

ஆஷ்பர்ன். இங்கிலாந்துக் கார். தாழ்ந்த உடம்பு, மடக்குகிற கூரை, ரெண்டே சீட்டு. கம்பெனி மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பேரை யாரோ வாங்கி, பெட்ரோலுக்குப் பதில் பேட்டரி வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று போன வருஷம் செய்தி வந்தது. தீபாவளிக்கு என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு என்றார்கள். தேதி தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும் விஜயலட்சுமிக்குப் பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி. வீட்டில் சொல்ல இன்னும் நாள் இருக்கிறதே!

பழைய ஆஷ்பர்ன் ஒன்று அவள் கைக்கு வந்திருக்கிறது. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயசு. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கமிருந்து ஒரு பெரியவர் கரும்பச்சை வண்டியைக் கொண்டுவந்து, சீட்டு ரெண்டையும் புதுசாகத் தைக்கக் கொடுத்தார். பதினோரு நாள் வேலை. தைத்து மாட்டிய பிறகு, தையல் முதுகில் உறுத்துகிறதா என்று பார்க்க அவள் ஸ்டீயரிங் பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கை தன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் சிரித்தபடி, "உஸ் தரஃப் பைட்டோ", அந்தப் பக்கம் உட்காரு என்று பக்கத்து சீட்டைக் காட்டினார். திட்டவில்லை, கோபப்படவுமில்லை. வழி சொல்வது மாதிரிதான் சொன்னார்.

இறங்கிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் விஷயம். இதைப்போய் யாரிடம் சொல்வது? ஐம்பத்துநாலு வயசு வரைக்கும் சொல்லவில்லை.

பத்து நாள் முன்னால் பாந்த்ராவில் புது வண்டியைக் காட்சிக்கு வைத்தபோது கரீம் பாட்சாவோடு போய் வந்தாள். ஸ்டீயரிங் பக்கமே உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. அங்கிருந்த பையன் ஓடி வந்தான்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். ஓட்டுறவங்க அளவுக்குத்தான் சீட் பண்ணி அனுப்புவாங்க. புக்கிங்லயே உயரம் கேப்பாங்க. ஆனா ஒண்ணு, ஒருதடவை குடுத்தா பிறகு மாத்த முடியாது."

அந்தக் கடைசி வரிதான் பத்து நாளாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

*

பத்து மணிக்கு செம்பூர் வீட்டு லிஃப்ட் திறக்கும் சத்தத்தோடு கோமதியம்மாளின் குரலும் வந்தது.

"ஏளா விஜயா! மாட்டுங்கால பூ என்ன வெல விக்கான் தெரியுமா? காரு வாங்குத வீடுன்னு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு போல!"

"நீங்கதான மதினி சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? அவன் கேட்டான், பதில் சொன்னேன்."

ஹாலில் ராஜபாண்டி இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் பதினோரு மாதத்தில் ரிட்டயர் ஆகப்போகிற ரயில்வே ஆபீஸ்காரர். முப்பத்தாறு வருஷத்தில் மகள் மாரீஸ்வரி பிறந்தபோது ஒன்று, தகப்பனார் போனபோது ஒன்று என்று எண்ணித்தான் அவர் லீவு போட்டிருப்பார். இன்றைக்கு லீவு போட்டிருந்தார். எதற்கு என்று விஜயலட்சுமி கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே!

மாரீஸ்வரி லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். இருபத்தாறு வயசு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை.

"அத்தை, டென் தர்ட்டிக்கு ஓபன் ஆகும். நான் ஃபட்டாஃபட் ஃபில் பண்ணிருவேன். யாரும் நடுவுல பேசக்கூடாது."

"பத்தரைக்கா?" கோமதியம்மாள் பூவை அப்படியே டீப்பாயில் வைத்தாள். "வெள்ளிக்கிழம பத்தரைக்கு என்னதுட்டீ? ராகுகாலம்!"

"அரே அத்தை..."

"அரேயும் வேண்டாம் கிரேயும் வேண்டாம். காலண்டரைப் பாரு. பத்தரை டு பன்னெண்டு. பன்னெண்டு அஞ்சுக்குப் போடு."

சுவரில் தொங்கியது திருநெல்வேலிப் பாத்திரக்கடை ஒன்றின் தினசரிக் காலண்டர். வருஷா வருஷம் மார்கழியில் கோமதியம்மாள் ரெண்டு வரவழைத்து ஒன்றைத் தம்பி வீட்டில் மாட்டிவிட்டுப் போவாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் கிரைண்டர் வாங்கினாலும் அதைப் பார்த்துத்தான்.

"ஒன்றரை மணி நேரத்துல ஒரு வண்டி கூட மிச்சம் இருக்காது! அம்மா, நீ சொல்லு."

எல்லாரும் விஜயலட்சுமியைப் பார்த்தார்கள்.

"அத்தை சொல்லுததுதான் சரி. பன்னெண்டு அஞ்சுக்கே போடுவோம்."

மகள் வாயைப் பிளந்தாள். ராகுகாலத்தில் பஸ் சீட் ஆர்டரை எடுத்துவிட்டு அதை அத்தையிடம் மறைத்த அம்மாவாயிற்றே!

விஜயலட்சுமிக்கு வேண்டியிருந்தது ராகுகாலமில்லை, அந்த ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம். முதலில் டிரைவிங் லைசென்ஸ். நாலு மாதம் காலையில் கோவண்டி குடோனுக்கு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் குடோனுக்கில்லை, செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டிரைவிங் ஸ்கூலுக்கு. கற்றுக்கொடுத்தது சஃபீனா என்ற பெண். பாஸான பிறகு சொல்வோம் என்று நினைத்தாள். பாஸான பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி முன்னால் வந்து நின்றுகொண்டது.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ராஜபாண்டியும் ஓட்டிப் பழகப் போனார். சயான் பக்கம் கைவண்டி ஒன்றில் மோதி, யாருக்கும் அடியில்லை என்றாலும், அதோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கார் ஓட்டுகிற பேச்சை யாரும் எடுத்ததில்லை. அவர் விட்ட ஒன்றை நான் பிடித்துவிட்டேன் என்று போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை.

பத்தரை ஆனது.

"ஓபன் ஆயிருச்சு!" என்றாள் மாரி. கொஞ்ச நேரத்தில், "முப்பத்தாறு இருக்கு. நாலு போச்சு."

"போனா போகட்டும்" என்றாள் அத்தை. "நமக்குள்ளது நமக்கு."

"அதை அந்த வெப்சைட்ல சொல்லுங்க அத்தை."

விஜயலட்சுமி பால்கனிக் கதவைத் திறந்தாள். "ஏங்க, இந்தக் கம்பில துணி காயப்போடணும். கொஞ்சம் பிடிங்க."

ராஜபாண்டி எழுந்து வந்தார். துணி எதுவும் இல்லை என்பதைப் பார்த்தார். ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர்.

"நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு மொதல்ல."

"அம்மா!" உள்ளிருந்து மாரியின் கத்தல். "அம்மா, அப்பா, ஜல்தி வாங்க! அத்தை காலண்டர் தப்பு!"

*

மாரீஸ்வரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். காலண்டர் தாளில் இருந்த பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, போனிலேயே ராகுகாலம் என்று தேடியிருக்கிறாள். போன் கேட்டதாம், எந்த ஊர் என்று. மும்பை என்று தட்டியிருக்கிறாள்.

"இன்னிக்கு இங்க ராகுகாலம் லெவன் ட்வென்ட்டிக்குத்தான் ஆரம்பம். பன்னெண்டு நாப்பத்தஞ்சு வரைக்கும். நீங்க சொன்ன பன்னெண்டு அஞ்சு இருக்குல்ல, அது நட்டநடு ராகுகாலம் அத்தை!"

"போன்ல ஆயிரம் பொய் வரும்."

"இது கணக்கு அத்தை. சூரியன் உதிக்கிறதுலேர்ந்து எண்ணணும். உங்க காலண்டர் காலையில ஆறு மணிக்குச் சூரியன் வரும்னு வச்சு எண்ணியிருக்கு. இங்க இன்னிக்கு சன்ரைஸ் ஏழேகால்."

கோமதியம்மாள் வாயைத் திறந்தாள். ஆறு மணிக்கு இங்கே கும்மிருட்டு என்பது அவளுக்குத் தெரியாதா? தினம் ஆறு மணிக்கு டியூப் லைட்டைப் போட்டுவிட்டுத்தானே கோலம் போடுகிறாள்! முப்பது வருஷம் லைட்டைப் போட்ட கை, காலண்டரையும் அதே இருட்டில் கிழித்திருக்கிறது. ரெண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை.

"தம்பி" என்றாள் மெதுவாக. "இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினோமே, அது வெள்ளிக்கிழமதான?"

"ஆமாக்கா."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு பத்துக்கு. நீதான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்ன."

"விஜயா கடை தொறந்தது?"

"அதுவும் வெள்ளி. பன்னெண்டேகால்" என்றாள் விஜயலட்சுமி.

"இவளுக்குக் காது குத்தினது?"

"அதான் அத்தை நான் அவ்ளோ அழுதேனா!" என்று மாரி சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் அதுக்குள்ளயேவா கொண்டுபோயி வச்சேன்? என் கையாலயா?"

ராஜபாண்டிதான் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? வீடு இருக்கு. கடை இருக்கு. இந்தக் கழுத வேலைக்குப் போறா. நல்லாத்தான இருக்கோம்."

விஜயலட்சுமி அந்தக் காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். எந்த நேரத்துக்காக எத்தனை காரியத்தை நிறுத்தி வைத்தோம்! நல்ல நேரம் வரட்டும், அவர் மனசு நல்லா இருக்கட்டும், மதினி ஊருக்குப் போகட்டும், டெஸ்ட் பாஸாகட்டும். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் குறித்த நேரமெல்லாம் எதில் விழுந்திருக்கிறது பார்த்தாயா? விழுந்தும் பால் பொங்கத்தானே செய்தது.

"ஏட்டீ, என்ன பாத்துட்டிருக்க?" கோமதியம்மாள் திடீரென்று எழுந்தாள். "மணி என்ன?"

"பத்து அம்பது."

"அப்ப போடு! பதினொண்ணு இருவதுக்குள்ள போடு!"

"தெரியாம இத்தன வருஷம் செஞ்சீங்களே அத்தை, ஒண்ணும் ஆகலையே..."

"தெரியாம செஞ்சது வேற, தெரிஞ்சு செய்யுதது வேற. போடுட்டீ!"

விஜயலட்சுமி கையில் வைத்திருந்த ஒன்றரை மணி நேரம் அரை மணியாகச் சுருங்கிவிட்டது.

*

"பேரு... ராஜபாண்டி" என்று மாரி தட்டினாள்.

விஜயலட்சுமி சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்கிரீனைப் பார்த்தாள். அவர் பேர் ஒவ்வோர் எழுத்தாக ஏறியது.

"கலர்?"

"சந்தனக் கலர் இருக்கா?" என்றாள் அத்தை.

"கரும்பச்சை" என்றாள் விஜயலட்சுமி. பதில் வந்த வேகத்தில் ராஜபாண்டி திரும்பிப் பார்த்தார்.

"பச்சை ஓகே. அடுத்தது, ஓட்டுபவரின் உயரம். அப்பா, நீங்க அஞ்சு எட்டுதான?"

"நான் எங்க ஓட்டப்போறேன்?"

"ஸ்டார் போட்டிருக்குப்பா. ஃபில் பண்ணாம விடமாட்டான்."

"அதுக்கு ஆளு பாத்தாச்சு" என்றாள் கோமதியம்மாள் பெருமையாக. "எங்க சால்ல வெயிலுமுத்து இருக்காருல்லா, அவரு மகன். நல்ல டிரைவர். தம்பி பக்கத்துல உக்காந்துக்கிட வேண்டியதுதான்."

"அப்ப அம்மா?" என்றாள் மாரி.

"அவ பின்னால உக்காருவா."

"பின்னால சீட்டே கெடயாது அத்தை. ரெண்டுதான்."

"பின்னால கெடயாதா?" மதினிக்கு இது புதுச் செய்தி. "அந்தக் காசுக்கு கோபர்கைரனேல ஒரு ரூம் வாங்கலாம்ங்காவ, அதுல மூணாவது ஆளு உக்கார எடம் கெடயாதா? சரி, அவ வேணும்னா பஸ்ல வாரா. எத்தன வருஷமா போறா! நீ போடுட்டீ, அந்தப் பையன் ஆறடி இருப்பான்."

மாரி ஆறு என்று தட்டினாள்.

விஜயலட்சுமி அந்த ஆறையே பார்த்தாள். பார்க்காத ஒருவன் முதுகுக்கு ஒரு சீட்டு. அங்கே இங்கிலாந்தில் எவளோ ஒருத்தி அவன் அளவுக்குத் தைப்பாள். ஒருதடவை கொடுத்தால் மாற்ற முடியாது.

"அஞ்சடி ஒண்ணு" என்றாள்.

"என்னது?"

"ஓட்டுபவரின் உயரம். அஞ்சடி ஒரு இன்ச்சு. இடுப்புலேர்ந்து முழங்கால் இருவத்தோரு இன்ச்சு. அதையும் கேப்பான், போட்டுக்கோ."

மாரியின் விரல் நின்றது.

"யாரும்மா அது?"

"நாந்தான்."

கோமதியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "நீ எதை ஓட்டுத? தையல் மெஷினையா?"

"காரையும் ஓட்டுவேன் மதினி. இந்தக் காரு உங்க தம்பிக்கில்ல. எனக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அழுதீங்க, வாய் வரல. என் தப்புதான்."

கைப்பையைத் திறந்து, மடித்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்தாள். புருஷன் முன்னால் நீட்டினாள். ராஜபாண்டி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அக்டோபர்."

"ஆமா."

"இப்ப ஜனவரி."

"ஆமா."

"குடோன்னு போனது?"

"டிரைவிங் ஸ்கூலு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "காரு எனக்கில்லங்கதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மூணு வாரமா எனக்குத் தூக்கமில்ல, இந்த வயசுல அந்தப் பொம்மைக் காருக்குள்ள எவன் பக்கத்துலயோ உக்காந்து போணுமேன்னு. நீ ஆசையா இருக்கியேன்னு பேசாம இருந்தேன். பால்கனில அதைத்தான் சொல்ல வந்தேன்."

விஜயலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "அப்ப இவ்வளவுதானா!" என்று ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இரு" என்றார் அவர். "பாயிக்குத் தெரியுமா? இந்த லைசென்ஸு?"

பொய் சொல்லலாம். சின்னப் பொய். உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியும்."

"எப்ப?"

"மொத நாள்லேர்ந்து."

அவர் லைசென்ஸை டீப்பாயில், பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். "மொத நாள்லேர்ந்து" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"அம்மா, பதினொண்ணு பன்னெண்டு. பதினாலு வண்டிதான் இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"ஏளா, சண்டைய பெறகு போடுங்க!" கோமதியம்மாள் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். "எவ பேருக்கோ எவன் பேருக்கோ, ராகுகாலத்துக்கு முந்திப் போட்டுத் தொலைங்க!"

"பேரை மாத்து மாரி" என்றாள் விஜயலட்சுமி. புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்காகக் காத்திருக்கலாம். இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது. அவள் காத்திருக்கவில்லை. "விஜயலட்சுமின்னு போடு."

பேர் மாறியது. ஆறு போய் ஐந்து ஒன்று வந்தது.

"பக்கத்து சீட் அளவு கேக்கறான். அப்பாதானே? அஞ்சு எட்டு?"

"என் அளவைப் போடாத" என்றார் ராஜபாண்டி.

மாரி அம்மாவைப் பார்த்தாள். "இது இப்ப கட்டாயமில்ல. பிப்ரவரி கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"காலியா விடு."

கடைசிப் பொத்தானை விஜயலட்சுமியே குனிந்து அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாக ஒரு வரி வந்தது. வரிசையில் இருபத்தேழாவது வண்டி. ஓட்டுபவர், விஜயலட்சுமி.

மணி பதினொன்று பதினாறு.

கோமதியம்மாள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

*

மத்தியானச் சாப்பாட்டில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. மாரி ஆபீஸ் கால் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு மணிக்குக் கோமதியம்மாள் கிளம்பினாள். விஜயலட்சுமி லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள். திட்டு விழும் என்றுதான் வந்தாள்.

லிஃப்ட் வந்தது. மதினி ஏறவில்லை. கதவு மூடிக் கீழே போனது.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்லணும்."

"மன்னிச்சுக்கோங்க மதினி."

"அத விடு. மாத்திச் சொல்லுதது எனக்கு ஒரு வேலையா? நாளைக்குக் காலைல பால் பாக்கெட் வாங்கப் போகையில சொன்னா மத்தியானத்துக்குள்ள மாறிரும்." லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினாள். "அதுல பின்னால சீட்டே கெடயாதா?"

"கெடயாது மதினி."

"உங்க அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு, இருந்தப்ப ஸ்கூட்டரு. நான் பின்னால, மடியில சாமான் பை. டாக்சின்னா ஆம்பளையாளு ஒருத்தரு முன்னால ஏறிக்கிடுவாரு, நாங்க பொம்பளையாளு நாலு பேரு பின்னால அடைஞ்சுக்கிடுவோம். இந்த ஊருக்கு வந்து நாப்பத்தோரு வருஷம். முன்னால இருந்து ரோட்டைப் பாத்ததே இல்ல நான். எப்பவும் எவன் பிடரியோதான் தெரியும்."

விஜயலட்சுமி அவளையே பார்த்தாள். லிஃப்ட் திரும்ப வந்து கதவு திறந்தது.

"நான் அஞ்சடிதான்" என்றாள் கோமதியம்மாள், லிஃப்டின் உள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "செருப்போட."

"மதினி..."

"அந்தப் பக்கத்து சீட்டு தம்பி வேண்டாம்னா சொல்லுதேன். வேணும்னா அவனுக்குத்தான். நான் கேட்டேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிராத."

கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் ராஜபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா இவ்வளவு நேரம் என்ன சொன்னா?"

ஒண்ணுமில்லங்க என்பது நாக்கு நுனிக்கு வந்தது. முப்பது வருஷப் பழக்கம், தானாக வரும். விழுங்கினாள்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லி ஒண்ணு சொன்னாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொண்ணா?"

"தப்பா ஒண்ணுமில்ல. அவங்களே சொல்லட்டும்னு இருக்கேன்."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் என்ன இருக்கிறது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. கதவைத் திறந்தார். "தாராவி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"பாயைப் பாக்கவா?"

"ஆமா."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக் கூட நிற்கவில்லை. கடைசிப் படி வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

டீப்பாயில் போன் அடித்தது. கரீம் பாட்சா.

"தங்கச்சி! காலைலேர்ந்து கை ஓடல எனக்கு. புக் ஆயிருச்சா? மச்சான் என்ன சொன்னாரு? மொதல்லேர்ந்து சொல்லு."

இத்தனை மாதமாக எது நடந்தாலும் முதலில் இவரிடம்தான் சொன்னாள். கிளட்ச் பிடிபட்டது, டெஸ்டில் பாஸானது, பாந்த்ராவில் கால் எட்டாதது, எல்லாம். சொல்வதற்கு இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது!

"புக் ஆயிருச்சு பாய்."

"ஆண்டவனே! மச்சான்?"

"அவரு அங்கதான் வாராரு. அவர்கிட்டயே கேட்டுக்கோங்க."

அந்தப் பக்கம் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு மெஷினை நிறுத்தினார்கள்.

"எதுக்கும்மா வாராரு?"

"எனக்குத் தெரியல பாய்" என்றாள் விஜயலட்சுமி.